பேங்க் வேலையும் சிபில் அறிக்கையும்: செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்குப் பதில்

அண்ணா, பாப்பா பேங்க் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில், "சிபில் சரியில்லை என்றால் வேலை கிடைக்காதாமே" என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். சிபில் என்பது ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைக்கும் நிறுவனம். எல்லா வேலைக்கும் அப்படி இல்லை. பேங்க், நிதி நிறுவனங்களில்தான் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

ஸ்டேட் பேங்க் தன் அறிவிப்பிலேயே, கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறியவர்களுக்கு நியமனம் கிடையாது என்று போட்டிருந்தது. அப்படி நியமனம் ரத்தான ஒருவர், 'கடனை எல்லாம் முன்பே அடைத்துவிட்டேன்' என்று வழக்குப் போட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பேங்க் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கடைசியில் அடைத்தால் போதாது, இடையில் தவணை தவறியிருக்கவே கூடாது என்பதுதான் அந்த அறிவிப்பின் நிபந்தனையாம். எனக்கு இது கடுமையாகத்தான் படுகிறது. உங்கள் கொலுசுப் பட்டறையில் ஆர்டர் வராமல் தவணை நின்ற மாதத்துக்குப் பிள்ளை என்ன செய்யும்?

ஐபிபிஎஸ் (பல அரசு பேங்குகளுக்குப் பொதுவாகத் தேர்வு நடத்தும் அமைப்பு) வழியாக ஆள் எடுக்கும் பேங்குகளின் அறிவிப்புகளில் கொஞ்சம் வழி விட்டிருந்தார்கள். பணியில் சேர்வதற்குள் சிபில் பதிவைச் சரிசெய்யலாம், இல்லையென்றால் பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவரிடம் என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கித் தரலாம் என்று இருந்தது. இந்த வாசகம் மாறக்கூடியது. அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கல்விக் கடனில் மூன்று தவணை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுவது நீங்கள்தான், ஆனால் கடன் அவள் பெயரில் இருக்கிறது. நீங்களும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், தவறிய தவணை இரண்டு பேர் அறிக்கையிலும் ஏறும். முதலில் அந்த மூன்றையும் கட்டிவிடுங்கள். "பாக்கியைக் குறைத்து ஒரு தொகை கொடுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்று யாராவது கூப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்தது என்று வரும். பேங்க்காரர்கள் கண்ணில் அது முதலில் படும்.

இந்த வாரமே அவளுடைய அறிக்கையை எடுங்கள். சிபில், அதைப் போலவே கடன் பதிவு வைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் இருக்கும் கட்டத்தில் 000 என்றால் தாமதம் இல்லை. 060 என்றால் அறுபது நாள் தாமதம். சொந்தக்காரருக்காக அவள் பெயரில் தவணையில் வாங்கிய செல்போன் ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள், பல வீடுகளில் அதுதான் மாட்டிவிடுகிறது. தப்பான பதிவு இருந்தால் ஆன்லைனிலேயே புகார் போடலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கட்டிய ரசீதுகளை அவளுடைய சான்றிதழ் ஃபைலிலேயே சேர்த்து வையுங்கள். படிப்பை நிறுத்த வேண்டாம்.