முகப்பில் யார் நிற்கிறார்கள்?

கேள்வி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். அடுப்படியில் உதவும் இரண்டு பெண்களைத் தவிர எல்லோரும் ஆண்கள், அதிலும் ஒரே ஊர்க்காரர்கள். தனியாக வரும் பெண் பயணிகள் பெண் கைடு கேட்கிறார்கள். விளம்பரம் கொடுத்தும் ஒரு பெண்கூட வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘ஒரே ஊர்க்காரர்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்குதான். மேனேஜர் தெரிந்தவரைக் கூப்பிடுவார், அவர் தன் பங்காளியைக் கூட்டி வருவார். சாதி என்று யாரும் வாய் திறக்காமலே சில வருடங்களில் விடுதி ஒரே சாதியாகிவிடும். அடுத்த காலியிடத்தை வேலையாட்கள் வழியாக நிரப்பாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழு, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று மூன்று இடங்களிலாவது நேரில் போய்ச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் சரளமான ஆங்கிலமும் மூன்று வருட அனுபவமும் கேட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இங்கே வருகிறவர்கள் வீட்டோடு அதன் கதையையும் கேட்கிறார்கள். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, சாயச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கும், பனையோலைக் கொட்டான் (கூடை) முடைகிறவருக்கும் அந்தக் கதை தெரியும். நேர்காணலில் தன் ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் தமிழில் பேசச் சொல்லுங்கள். அதில் தேறியவருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு ஆங்கிலப் பயிற்சி கொடுங்கள்.

அப்புறம், நேரம். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்? காலை ஷிஃப்ட் கொடுங்கள், இல்லையென்றால் வீட்டு வாசல்வரை வண்டி விடுங்கள். சேருகிறவரின் வீட்டாரை ஒரு நாள் அழைத்து விடுதி முழுக்கச் சுற்றிக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் ‘ஓட்டல் வேலை’ என்ற பேச்சுக்கு இருக்கும் பயம் அதில் பாதி கரைந்துவிடும்.

பத்துப் பேருக்கு மேல் வைத்திருப்பதால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி உள்ளகப் புகார்க் குழு உங்களுக்குக் கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், ஒருவர் வெளியாள். இருப்பது இரண்டே பெண்கள் என்பதால் இந்த மாதமே ஒரு வழக்கறிஞரை வைத்து முறையாக அமையுங்கள்.

காது கேளாதவர் அறைப் பராமரிப்பிலும் சமையலிலும் நன்றாகவே வேலை செய்வார். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் விளக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். திருநங்கையரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். எந்தப் பெயரில் கூப்பிடுவது, எந்தச் சீருடை, எந்தக் கழிப்பறை என்பதை முதல் நாளே அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். முகப்பிலிருந்து பின்கட்டு வரை பல கட்டுகளாக, அதாவது பகுதிகளாக, இருக்கும் நம் வீடுகளில் யார் எந்தக் கட்டுவரை வரலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரையும் பின்கட்டில் வைத்து, முகப்பில் பழைய ஆட்களே நின்றால் அதே கணக்கு தொடர்கிறது என்று பொருள். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் ஒருவராவது முகப்பில் நின்று விருந்தினரை வரவேற்கட்டும். அடுப்படியில் இருக்கும் அந்த இரண்டு பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற ஒருவர், விருந்தினருக்குச் சமையல் வகுப்பு எடுக்கச் சரி என்று சொல்லக்கூடும்.