கை பட்ட காடு

அன்புள்ள ஐயா,

வேலைக்காக டோக்கியோவில் இருக்கிறேன். ஆறு வயது மகளுக்கு ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் மனப்பாடம். போன ஞாயிறு அந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்த சயாமா குன்றுகளுக்குப் போனோம். வழியெல்லாம் அடுக்குமாடிகள், சூப்பர் மார்க்கெட். காட்டுக்குள் போனால் அங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மகள் மட்டும் பாக்கெட் நிறைய ஓக் கொட்டை பொறுக்கினாள். படத்தின் இயக்குநர் மியாசாகி வரைந்ததுபோல மனிதக் கை படாத கிராமம் வேறெங்காவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடுக்குமாடிப் புலம்பலை விட்டுவிடுகிறேன். டோக்கியோவை ஒட்டிய ஊரில் மனிதர்கள் குடியிருக்கத்தான் செய்வார்கள். மியாசாகியே அந்தக் குன்றுகளை ஒட்டிய தொகொரொசவா நகரில்தான் இருக்கிறார்.

ஆனால் ‘மனிதக் கை படாத’ என்று எப்படி எழுத மனம் வந்தது? அந்தப் படத்தில் வயல் இல்லையா, வரப்பு இல்லையா, வெள்ளரி பறிக்கும் பாட்டி இல்லையா? மகளிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி கிடையாது என்பதும் உண்மை. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் அங்கே போனேன். வரிசையாக வெட்டிவிட்ட அடிமரங்களைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. டோட்டோரோ காட்டிலேயே கோடரியா! பக்கத்தில் நாலைந்து முதியவர்கள் சருகு வாரிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் பொரிந்து தள்ளினேன். ஒரு பெரியவர் பதில் பேசவில்லை. ஒரு அடிமரத்தின் விளிம்பில் விரல் தடிமனுக்குக் கிளம்பியிருந்த நாலைந்து துளிர்க்கம்புகளைக் காட்டினார். அப்புறம் ஒரு மூங்கில் வாருகோலை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் வாரினேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

கொநாரா, குநுகி என்ற அந்த ஓக் மரங்களைப் பதினைந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டுவார்கள். விறகுக்கும் கரிக்கும் அதுதான். சருகு மக்கி வயலுக்கு எருவாகும். அடிமரம் திரும்பத் தழைக்கும். இப்படி ஊரும் காடும் ஒன்றையொன்று தின்று வாழும் இடத்துக்குத்தான் ‘சதொயாமா’ என்று பெயர். கதை நடப்பது 1950களில். அதற்குப் பிறகு எரிவாயுவும் ரசாயன உரமும் வந்தன. காடு யாருக்கும் வேண்டாததாயிற்று. வெட்டாமல் விட்டதும் குறுமூங்கில் மண்டியது, தரையில் வெயில் விழவில்லை, பூக்கள் போயின. அப்புறம் மனை போடுகிறவர்கள் வந்தார்கள். கை படாமல் போனதால்தான் அந்தக் காடு கெட்டது, ஐயா! படத்தில் வரும் அந்தப் பிரம்மாண்டமான கற்பூர மரம் வேறு கதை. அது கோயில் மரம், அதை யாரும் தொடமாட்டார்கள்.

படம் வந்தது 1988இல். 1990இல் மக்கள் நன்கொடை திரட்டத் தொடங்கி, மறு வருடம் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். இன்று அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். சிலது ஒரு வீட்டுமனை அளவுகூட இருக்காது. நீங்கள் முகம் சுளித்த அந்த வெட்டு, அதைக் காப்பாற்றியவர்கள் வெட்டியதாகத்தான் இருக்கும்.

வேறு கிராமம் கேட்டீர்கள். இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த ஓக் கொட்டைகளை வீட்டைப் பெருக்கும்போது குப்பையில் போட்டுவிடவில்லையே?