ஆய்வு, சொந்தக் கம்பெனி, பேராசிரியர் வேலை: திருநெல்வேலிக்காரர் மூன்றையும் எந்த வரிசையில் செய்வது?

கேள்வி: திருநெல்வேலியில் பி.இ. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சி செய்து, அதிலிருந்து ஒரு கம்பெனி தொடங்கி, பிறகு கல்லூரியில் பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. ஒரே ஆளால் முடியுமா? எதை முதலில் செய்வது?

பதில்: முடியும். பிஎச்.டி. முதலில், அது முடிகிற சமயத்தில் கம்பெனி, அதற்குப் பிறகு ஆசிரியர் பதவி. இந்த வரிசைக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கம்பெனி நடத்திய வருடங்களைக் கல்லூரி வேலைக்கு அனுபவமாகக் காட்டலாம், விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் பிஎச்.டி. இல்லாமல் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு மேல் போகவே முடியாது. சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள், ஜி.எஸ்.டி., வாடிக்கையாளர் அழைப்பு என்று ஆன பிறகு ஆய்வேட்டை எழுத உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று பாதியில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆய்வு முற்றிய பிறகே கம்பெனி என்பது இரண்டு பேருடைய பாதையைப் பார்த்தால் விளங்கும். ஸ்டான்ஃபோர்டில் 1977-ல் ஆசிரியராகச் சேர்ந்த ஜான் ஹென்னஸி, 1981-ல் மாணவர்களோடு மிப்ஸ் என்ற கணினிச் சிப் (பிராசசர்) ஆய்வைத் தொடங்கினார். கட்டளைகளை எளிமையாக்கி, சிக்கலான வேலையை, நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் தள்ளிவிட்டால் சிப் வேகமாக ஓடும் என்பது அதன் அடிப்படை. 1984-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மிப்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பிறகு வகுப்பறைக்குத் திரும்பினார். 2000 முதல் 2016 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே இருந்தார். அடுத்தவர் மாத்தேய் ஸஹாரியா. பெர்க்லியில் மாணவராக இருந்தபோது 2009-ல், பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து அலசும் ஸ்பார்க் மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அதே வேலைக்கு அன்றைக்கு இருந்த ஹடூப் என்ற மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் தரவை டிஸ்கில் எழுதி, மறுபடி படித்தது. ஒரே தரவைத் திரும்பத் திரும்பப் படிக்கும் இயந்திரக் கற்றல் வேலைக்கு அது மிக மெதுவு. தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதுதான் ஸ்பார்க் செய்த மாற்றம். 2010-ல் அதைத் திறமூலமாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி) விட்டார். 2013-ல் பேராசிரியர் யோன் ஸ்டோய்க்கா முதலியவர்களோடு டேட்டாபிரிக்ஸ் கம்பெனி. பிறகு பேராசிரியர் பணி.

இருவருமே கம்பெனிக்காக ஒரு யோசனையைத் தேடி அலையவில்லை. பல வருடம் ஒரே பிரச்சினையில் உழைத்தார்கள், அது முற்றியபோது கம்பெனி வந்தது. நம் பக்கத்திலேயே இன்னொரு வழியும் தெரிகிறது. ஸ்ரீதர் வேம்பு 1994-ல் பிரின்ஸ்டனில் பிஎச்.டி. முடித்து, ஆசிரியர் வேலைக்குப் போகாமல் தொழிலுக்கு வந்தவர். அவருடைய ஜோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இயங்குகிறது. மென்பொருள் கம்பெனி என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற பேச்சுக்கு அந்த ஊரே பதில்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதில்தான் உங்கள் பத்து வருடமும் அடங்கியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தரவை இறக்கி, பழைய கணிப்பு மாதிரியை (மாடலை) ஒரு சதவீதம் மேம்படுத்தினேன் என்று எழுதினால் பட்டம் கிடைக்கலாம், கம்பெனி பிறக்காது. உங்கள் ஊரில் மட்டுமே எளிதாகக் கிடைக்கிற தரவு எது என்று யோசியுங்கள். எனக்கு முதலில் தோன்றுவது காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், கயத்தாறு, செங்கோட்டைப் பக்கம் எல்லாம் வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை காற்று வீசும் இடங்கள். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே கயத்தாற்றில்தான் இருக்கிறது.

மின்தொகுப்பில் (கிரிட்டில்) ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னதற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளி அனுமதித்த அளவைத் தாண்டினால் பணம் கட்ட வேண்டும். ஆகவே நல்ல கணிப்புக்கு நேரடியாக ஒரு விலை இருக்கிறது. ஆய்வுக்கும் ஆகும், விற்கவும் ஆகும்.

இந்த வேலையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை. மின்தொகுப்பு வாங்க முடியாதபோது காற்றாலையைக் குறைக்கச் சொல்வார்கள். பதிவேட்டில் அது காற்று இல்லாத நேரம் மாதிரியே தெரியும். அந்த நேரங்களைத் தனியே குறித்து விலக்காவிட்டால், பலத்த காற்றுக்கும் உற்பத்தி குறையும் என்று மாதிரி தப்பாகக் கற்றுக்கொள்ளும். அடுத்து, மாதிரி கற்றுக்கொள்ளும் பயிற்சித் தரவையும் அதைச் சரிபார்க்கும் சோதனைத் தரவையும் குலுக்கிப் பிரிக்கக் கூடாது. பத்தேகால் மணித் துண்டு பயிற்சியிலும் பத்தரை மணித் துண்டு சோதனையிலும் இருந்தால் விடை கசிந்துவிடும்; சோதனை முடிவு பிரமாதமாக இருக்கும், களத்தில் மாதிரி கவிழும். காலவாரியாக வெட்டுங்கள். குறைந்தது ஒரு முழுக் காற்றுப் பருவம் சோதனைக்கென்றே ஒதுங்கியிருக்கட்டும். அப்புறம், "இப்போது வருகிற அளவே அடுத்த துண்டிலும் வரும்" என்ற மிக எளிய கணிப்போடு முதலில் ஒப்பிடுங்கள். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதைத் தோற்கடிப்பது நினைப்பதைவிடக் கடினம். கடைசியாக, சராசரிப் பிழையை மட்டும் காட்டினால் காற்றாலை உரிமையாளர் அசைய மாட்டார். எத்தனை ரூபாய் அபராதம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆய்வுக் கட்டுரையிலும் அதையே ஓர் அளவுகோலாக வையுங்கள்.

காற்று பிடிக்கவில்லை என்றால் நெல்லை வழக்குப் பேச்சை எழுத்தாக்குவது, தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு பருவத்துக்கும் நீர்த்தேவையைக் கணிப்பது என்று வேறு வேலைகளும் காத்திருக்கின்றன.

இனி பிஎச்.டி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள்) உட்படக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம் கிடைக்கும். பெண்களுக்கு இன்னும் 2 வருடம் சலுகை உண்டு. வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகவும் சேரலாம், வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் முதுநிலை இல்லாமலே சேரவும் வழி இருக்கிறது. ஆனால் பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பதவிக்கு, தொழில்நுட்பக் கல்விக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇ, பி.இ., எம்.இ. இரண்டையும், அவற்றில் ஒன்றில் முதல் வகுப்பையும் கேட்கிறது. அதனால் நேரடி பிஎச்.டி.க்குப் போனாலும் இடையில் எம்.டெக். பட்டமும் சேர்ந்து கிடைக்கிற இடமாகப் பாருங்கள். கேட் என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.இ. சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கலை அறிவியல் கல்லூரிப் பக்கமும் கதவைத் திறந்து வைக்க, ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதிவிடுங்கள். கணினி அறிவியலுக்குப் பாடக் குறியீடு 87. தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமா, ஊரிலிருக்கும் பொறியியல் கல்லூரியா, சென்னை ஐஐடியா என்று எல்லோரும் யோசிப்பார்கள். நான் அதற்கும் முன்னால் கெய்டை, அதாவது ஆய்வு வழிகாட்டியைப் பார்க்கச் சொல்வேன். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆளை எடுக்க முடியாது. அவரிடம் முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது என்ன செய்கிறார்கள், கட்டுரைகளில் மாணவர் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று விசாரியுங்கள். பழைய மாணவர்கள் இருவரிடம் நேரில் பேசினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

கட்டுரை விஷயத்தில் நம் துறைக்கு ஒரு தனிச் சிக்கல். உலக அளவில் கணினித் துறையில் பெரிய மாநாட்டில் வரும் கட்டுரைக்குத்தான் மதிப்பு அதிகம். இங்கே நியமன விதிகள் ஜர்னல் கட்டுரையை எண்ணுகின்றன. ஏஐசிடிஇயின் 2019 விதிப்படி இணைப் பேராசிரியராக பிஎச்.டி., 8 வருட அனுபவம், அதில் 2 வருடம் பிஎச்.டி.க்குப் பிறகு, 6 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். அந்த அனுபவம் கற்பித்தல், ஆராய்ச்சி, தொழில் என எதுவாகவும் இருக்கலாம். கம்பெனி நடத்துகிறவருக்கு உயிர்நாடியான வரி இது. ஆகவே மாநாட்டில் வாசித்ததைக் கூடுதல் சோதனைகளோடு விரிவாக்கி ஜர்னலுக்கும் அனுப்புங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அப்படியே அழித்துவிடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரைத் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு, ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ வைத்து ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்திலேயே தேடி உறுதி செய்யுங்கள்.

கட்டுரை அனுப்புவதற்கு முன்னால் காப்புரிமையை யோசிக்க வேண்டும். ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அது புதுமை இல்லை என்றாகிவிடும். 12 மாதச் சலுகை ஒன்று சட்டத்தில் இருந்தாலும் அது குறுகலானது, அதை நம்பி இறங்காதீர்கள். காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(கே) வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை தருவதில்லை. கருவியோடு சேர்ந்து ஒரு தொழில்நுட்ப விளைவைக் காட்டினால்தான் பேசவே முடியும். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. கல்லூரி லேபில் செய்ததில் கல்லூரிக்கும் உரிமை இருக்கும். எவ்வளவு என்பதை அவர்களுடைய அறிவுசார் சொத்துக் கொள்கையில் படித்து, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கம்பெனி பெயரைப் பதியுங்கள். முதலீட்டாளர் முதலில் கேட்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று.

கம்பெனிப் பதிவு பெரிய வித்தை இல்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர். அதே இருவராகவும் இருக்கலாம். பாளையங்கோட்டையில் இருக்கும் வீட்டு முகவரியே போதும், மின்கட்டண ரசீதும் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் வேண்டும். பதிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 30 நாளில் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் பங்குப் பணம் வங்கியில் வந்ததைக் காட்டித் தொழில் தொடக்க அறிவிப்பு, வருடாவருடம் கணக்கும் ஆண்டறிக்கையும். ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் இவற்றைச் செய்தாக வேண்டும். அந்த ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஓடிக்கொண்டே இருக்கும். ஆய்வேடு எழுதும் மும்முரத்தில் இதை மறந்து, கம்பெனியை மூடவே செலவழிக்கும் நிலை வரக் கூடாது. ஆகவே பணம் கொடுக்கும் முதல் வாடிக்கையாளர் வரும்வரை பதிய வேண்டாம் என்பது என் கருத்து.

நண்பரோடு சேர்ந்து தொடங்கினால் பங்கை நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற மாதிரியும், முதல் வருடம் முடியாமல் விலகினால் எதுவும் இல்லை என்றும் எழுதுங்கள். ஆறாம் மாதத்தில் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போகிறவர் கையில் பாதிப் பங்கு இருந்தால், மீதிப் பேர் என்ன உழைத்தும் பிரயோசனமில்லை.

ஆசிரியரான பிறகு கம்பெனியை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு வேலை செய்யும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். அரசு கல்லூரியில் நடத்தை விதிப்படி முன் அனுமதி இல்லாமல் தொழில் நடத்த முடியாது. மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், வேலைக்கே உலை வைக்கும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை ஆசிரியர் தொழில் தொடங்குவதை ஆதரிக்கிறது. ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ விடுப்பு தரலாம் என்கிறது. கல்லூரி தன் வசதிகளுக்காக 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு கேட்கலாம். உங்கள் ஆய்வு மாணவரைக் கம்பெனி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எல்லையையும் அது போடுகிறது. அந்த எல்லை நியாயமானது. அந்தப் பிள்ளையின் பட்டம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, அவரால் மறுத்துப் பேச முடியாது.

பிஎச்.டி.யே இல்லாமல் தொழிலில் 15 வருடம் இருந்தவர்களுக்கு "பிராக்டிஸ் பேராசிரியர்" என்ற பதவியை யுஜிசி 2022-ல் கொண்டுவந்தது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது, மொத்தம் 4 வருடத்துக்கு மேல் நீடிக்காது. பாடம் நடத்தும் ஆசைக்கு அது போதும். நிலையான பணிக்கு அதை நம்ப முடியாது.

இப்போதைக்கு மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் கேட் எழுத அனுமதி உண்டு. தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் திறக்கும். மொத்தம் 65 கேள்வி, 100 மதிப்பெண்: பொதுத் திறன் 15, கணிதம் 13, மீதி 72 பாடம். மதிப்பெண் 3 வருடம் செல்லும். மூன்றாம் ஆண்டில் எழுதினால் அதில் ஒரு வருடம் படிப்பிலேயே கழிந்துவிடும் என்றாலும் எழுதுங்கள். குறைவாக வந்தால் இறுதியாண்டில் திருத்திக்கொள்ளலாம். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்காமல், கயத்தாற்றிலோ பணகுடியிலோ ஒரு காற்றாலை உரிமையாளரைப் போய்ப் பார்த்து ஒரு பருவத்துத் தரவு கேளுங்கள். தரவை வெளியில் தர மாட்டேன் என்று கல்லூரித் தலைப்புத் தாளில் கடிதம் கொடுத்தால் சம்மதிப்பவர்கள் இருப்பார்கள். அந்தத் தரவைச் சுத்தம் செய்யவே இரண்டு மாதம் பிடிக்கும், அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.