வழக்கு நிலுவையில் இருந்தால் கட்சி சீட் தராதா?

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கட்சியில் உறுப்பினராக இருக்கிறேன், இப்போது ஒன்றிய நிர்வாகி. வரும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுக்க எண்ணியிருக்கிறேன். சாலை மறியல், அனுமதியின்றி ஊர்வலம் என்று என் மீது இரண்டு வழக்குகள் உள்ளன. நான் பங்குதாரராக இருக்கும் நிறுவனம் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் ரயில்வேயிலும் ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்கிறது. வழக்கு இருந்தால் முதல் சுற்றிலேயே பெயரை நீக்கிவிடுவார்கள் என்றும், கட்சிக்காக சர்வே எடுக்கும் குழுவில் தனக்கு ஆள் இருப்பதால் பதினைந்து லட்சம் கொடுத்தால் அறிக்கையைச் சரிசெய்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். விருப்ப மனுவில் வழக்குகளைக் குறிப்பிடுவதா, விட்டுவிடுவதா?

பதில்: இரண்டு வழக்குகளையும் எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு ஆகியவற்றோடு முழுமையாகக் குறிப்பிடுங்கள். அந்த நபருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்டதற்கு விடை இவ்வளவுதான் என்றாலும், உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்தான இடம் வழக்குகளில் இல்லை, கேள்வியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் ரயில்வே ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்சி தன் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவருடைய தகுதியையும் தகுதியின்மையையும் சொல்கிறது, வேட்புமனுவில் தொடங்கும் நடைமுறைகளையும் வகுக்கிறது. கட்சி அலுவலகத்துக்குள் நடக்கும் தேர்வு அதன் கண்ணுக்குப் படுவதே இல்லை. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளில் விருப்ப மனு, கட்டணம், தலைமை அலுவலகத்தில் நேர்காணல் என்ற வழக்கம் இருக்கிறது. காங்கிரஸில் மாநில அளவில் பெயர்கள் திரட்டப்பட்டு, பரிசீலனைக் குழு வழியாக மத்திய தேர்தல் குழுவுக்குப் போகும். பாரதிய ஜனதாவிலும் இறுதி முடிவு மத்திய தேர்தல் குழுவினுடையதே. உறுப்பினர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலைக் காங்கிரஸ் 2014இல் சில தொகுதிகளில் மட்டும் சோதித்துப் பார்த்தது. அப்படி நடந்த வதோதராவில், உட்கட்சித் தேர்தலில் வென்றவர் பின்னர் விலகிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். தொண்டர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிறகும் இதுதான் நிலைமை என்றால், நேர்காணலில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தவருக்கு என்ன உத்தரவாதம் இருக்க முடியும்? சீட் மறுக்கப்பட்டால் எந்த நீதிமன்றத்திலும் அதை உரிமையாகக் கேட்க இயலாது. இவ்வளவு பெரிய ஜனநாயகத்தில் மக்கள் யாருக்கு வாக்களிக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்யும் கட்டத்துக்கு ஒரு பக்க விதிமுறைகூட இல்லாதிருப்பது எனக்குப் பெரும் மனக்குறை. தரகர்கள் பிழைப்பதும் இந்த வெற்றிடத்தில்தான்.

இப்போது வழக்குகளுக்கு வருவோம். நிலுவையில் இருக்கும் வழக்கு, அது எத்தனையானாலும், போட்டியிடத் தடை இல்லை. தண்டனைதான் தடை. மேற்சொன்ன சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி இழப்பார். விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தத் தடை நீடிக்கும். மறியல் வழக்குகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சட்டவிரோதமாகக் கூடுதல், வழிமறித்தல் ஆகிய குற்றங்களுக்கு உச்சபட்சத் தண்டனையே ஆறு மாதத்தைத் தாண்டாது. ஆனால் பேருந்துக் கண்ணாடி உடைந்தது, காவலர் காயமடைந்தார் என்று கூடுதல் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதைக் குற்றப்பத்திரிகையின் சான்றிட்ட நகலை வாங்கி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். 'சாதாரண மறியல் கேஸ்தானே' என்று ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்குக்கூடப் போகாமல் இருந்துவிட்டு, பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டிருப்பதை வேட்புமனு வாரத்தில் அறிந்துகொள்ளும் நிர்வாகிகள் ஏராளம்.

வழக்கு தடை இல்லை என்றால் கட்சி ஏன் அதைத் துருவித் துருவிக் கேட்கிறது என்பீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கட்சியின் தலையிலும் ஒரு பொறுப்பை ஏற்றியிருக்கின்றன. குற்ற வழக்குகள் உள்ள வேட்பாளரின் விவரங்களை வேட்பாளரும் கட்சியும் விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வு கூறியது. வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்ற காரணங்களையும் கட்சி வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு என்பதை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் ஓர் உள்ளூர் மொழி நாளிதழிலும், ஒரு தேசிய நாளிதழிலும், கட்சியின் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் சி-7 படிவத்தில் இவை வெளியாக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை போக வேண்டும். 2020 பீகார் சட்டமன்றத் தேர்தலில் இதைச் சரிவரச் செய்யாத கட்சிகளுக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அபராதமே விதித்தது. ஆகவே, பட்டியல் வெளியான பின் புதிதாக முளைக்கும் வழக்குதான் தலைமைக்குத் தலைவலி. மனுவிலேயே நீங்கள் எழுதிக் கொடுத்த வழக்கு, அதுவும் கட்சி அறிவித்த போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் போடப்பட்ட வழக்கு, அவர்களுக்கு எளிதில் காரணம் எழுதக்கூடிய ஒன்று. அந்தப் படிவங்களில் கட்சிகள் எழுதும் காரணங்களைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது: 'மக்கள் தொண்டில் ஈடுபாடு உடையவர்' என்ற ஒரே வாசகம் ஆளுக்கு ஆள் நகலெடுக்கப்படுகிறது, வாக்காளர் அறிந்துகொள்வதற்காகப் பிறந்த ஓர் உத்தரவு சடங்காகிவிட்டது.

மறைத்தால் என்ன ஆகும்? விருப்ப மனுவில் மறைத்தாலும் வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் 26ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரத்தில் மறைக்க முடியாது; எஃப்ஐஆர் எண்ணிலிருந்து குற்றச்சாட்டு வனையப்பட்டதா (நீதிமன்றம் முறைப்படி குற்றச்சாட்டைப் பதிவு செய்ததா) என்பது வரை அதில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன, எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடவும் கூடாது. பொய்யான பிரமாணப் பத்திரத்துக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய இடி, வென்ற பிறகு விழும். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் வட்டத்தில் உள்ள தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர் ஒரு வழக்கை மட்டும் காட்டிவிட்டு, தன்மீது குற்றப்பத்திரிகை தாக்கலான மற்ற வழக்குகளை விட்டுவிட்டார். அது வாக்காளர் மீதான முறையற்ற செல்வாக்கு என்றும், ஊழல் நடவடிக்கை என்றும் 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் செல்லாமல் போனது. ஒரு ஊராட்சித் தலைவருக்கே இது நேர்ந்தது. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தமிழில் ஒலிக்கும் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும், தந்தை பெயரோடு சேர்த்தும் தேடுங்கள். போராட்டம் நடந்த ஒவ்வொரு காவல் நிலைய எல்லைக்கும் தனியாக விசாரியுங்கள். 'தலைவர் மற்றும் 45 பேர்' என்று போடப்பட்ட எஃப்ஐஆரில் உங்கள் பெயர் பின்னாளில் சேர்ந்திருக்கக்கூடும்.

இனி அந்தப் பதினைந்து லட்சம். சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களால் வீடு இழந்தவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இவர்களின் வழி பெரும்பாலும் ஒன்றே. தலைமை அலுவலக வாசலில் தலைவர்களோடு எடுத்த புகைப்படங்களைக் காட்டுவார்கள். உங்கள் தொகுதியின் சாதி வாரி விவரமும் உங்கள் பெயரும் கொண்ட 'சர்வே அறிக்கை' ஒன்றைக் கைபேசியில் திறந்து, பிரதி தராமல், படிக்க மட்டும் விடுவார்கள். அதில் நீங்கள் இரண்டாம் இடத்தில் இருப்பீர்கள், முதலிடத்துக்கும் உங்களுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். அதே அறிக்கை உங்கள் போட்டியாளருக்கும் அவர் இரண்டாம் இடத்தில் இருப்பதாகக் காட்டப்படும். தொகுதிக்கு நான்கு பேரிடம் வாங்கினால் யாரோ ஒருவருக்குத் தற்செயலாகச் சீட் கிடைக்கும். அவர் தரகரின் புகழைப் பரப்புவார், மற்ற மூவரிடமும் 'கடைசி நேரத்தில் கூட்டணிக்குப் போய்விட்டது', 'அடுத்த முறை நிச்சயம்' என்று சொல்லப்படும். கட்சித் தலைமை எடுக்கும் கணிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வெவ்வேறு குழுக்களிடம் கொடுக்கப்படுகின்றன; எங்கோ ஒருவரைச் சரிக்கட்டி முடிவை மாற்றும் அமைப்பு அது இல்லை. அதோடு, உங்கள் தொகுதி கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால் எந்த அறிக்கையும் எதற்கும் பயன்படாது.

கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் நம்பாதீர்கள். சட்டத்துக்கும் பொதுநலனுக்கும் விரோதமான நோக்கத்துக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. உரிமையியல் நீதிமன்றம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். மோசடிப் புகார் கொடுக்க முடியும், ஆனால் எதற்காகக் கொடுத்தேன் என்று நீங்களே எழுதித் தர வேண்டும். அந்தப் புகாரே உங்கள் அரசியல் வாழ்வின் முடிவாகிவிடும் என்பது தரகருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினால், அந்தக் கடன் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் பொறுப்புகளுக்குக் கீழே வந்து நிற்கும். கடனுக்கு ஈடான சொத்தோ செலவோ எங்கே என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கடைசியாக, ஒப்பந்தங்கள். இங்கே நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் பரிசீலனைக் குழுக்களே இதில் அடிக்கடி கோட்டை விடுகின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9அ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கவோ வேலை செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் தகுதியற்றவராக்குகிறது. எந்த அரசு என்பதுதான் இதன் திறவுகோல். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 'உரிய அரசு' மத்திய அரசு. சட்டமன்றத் தேர்தலுக்கு மாநில அரசு. ஆகவே உங்கள் மாநில நெடுஞ்சாலைத் துறை ஒப்பந்தம் இந்தத் தேர்தலுக்குத் தடை இல்லை. அதே ஒப்பந்தம் சட்டமன்றத் தேர்தலில் உங்களை வீழ்த்தும். ரயில்வே ஒப்பந்தம் நேர்மாறானது: பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள், 'இந்தியக் குடியரசுத் தலைவர்' சார்பாகக் கையெழுத்தாகியிருந்தால் அது மத்திய அரசோடு செய்த ஒப்பந்தம், பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் நீங்கள் தப்பித்துவிட முடியாது. இதற்குச் சட்டமே ஒரு விலக்கு தருகிறது. உங்கள் தரப்பு வேலை முழுமையாக முடிந்து, அரசு பணம் தருவது மட்டுமே பாக்கி என்றால், ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கருதப்படாது. பில் தொகை வரவில்லை என்பதற்காக நீங்கள் தகுதி இழக்க மாட்டீர்கள். ஆனால் 'முழுமையாக' என்ற சொல்லில்தான் சிக்கல்: வேலை முடிந்த பின் ஓராண்டு பராமரிப்புக் காலம், குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்பு என்றெல்லாம் பத்திரத்தில் இருந்தால், வேலை முடிந்தது என்று எதிராளி ஒப்புக்கொள்ள மாட்டார், வேட்புமனுப் பரிசீலனையில் அதையே ஆட்சேபணையாக எழுப்புவார். ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று நீங்கள் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. துறை அதை எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வேட்புமனுப் பரிசீலனை நாளன்று நிலைமை என்ன என்பதே கணக்கு என்பதால், அதற்கு வெகு முன்னரே பணி நிறைவுச் சான்றிதழையோ விலகலை ஏற்ற கடிதத்தையோ கையில் வைத்திருங்கள். தடை இல்லாத மாநில ஒப்பந்தம் உட்பட, நீங்களும் மனைவியும் உங்கள் பங்குதாரர் நிறுவனமும் செய்துள்ள அரசு ஒப்பந்தங்களை 26ஆம் எண் படிவம் கேட்கும் இடத்தில் எழுதவும் வேண்டும்.

சீட் கிடைத்துவிட்டால், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தெரிவிக்கும் ஏ, பி படிவங்கள் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். அவற்றில் மையால் இட்ட கையெழுத்து இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கையொப்பத்தை ஏற்க மாட்டார்கள். பி படிவத்தில் மாற்று வேட்பாளராக யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ரயில்வே ஒப்பந்தத்தின் காரணமாக உங்கள் மனு தள்ளுபடியானால் சின்னம் அவருக்குப் போகும். எனவே விருப்ப மனு நிரப்பும் இந்த வாரத்திலேயே ரயில்வே கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதி, அந்தப் பணியின் நிலையைக் குறிப்பிடும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலையும் இரண்டு வழக்குகளின் குற்றப்பத்திரிகை நகல்களையும் மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, தலைமை அலுவலகத்தில் தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.