மின்கடத்தும் நூலும் எல்.ஈ.டி.யும் தைத்த பருத்தி ஆடைக்கு மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயம் ஏற்றலாமா?

ஏற்றலாம். ஆனால் முதலில் துணிக்குச் சாயம் போட்டு, நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, அதற்குப் பிறகு நூலையும் விளக்கையும் தைப்பதுதான் சரியான வரிசை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளின் நடன நிகழ்ச்சிகளுக்கு இப்படிப்பட்ட ஆடைகள் தைத்துக் கொடுக்கிறேன். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

காரணம் நூலில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் மின்கடத்தும் நூலில் இரண்டு வகை அதிகம்: நைலான்மேல் வெள்ளி பூசியது, துருப்பிடிக்காத எஃகு இழை. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. அவுரித் தொட்டியில் நீலத்தைக் கரைக்கப் பலரும் ஹைட்ரோசல்ஃபைட் போடுகிறார்கள். அது கந்தகச் சேர்மம். வெள்ளி கறுத்துப்போகும், மின்தடை ஏறும், விளக்கு மங்கும். சுண்ணாம்பும் பழச்சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் அந்தக் காரம் எல்.ஈ.டி.யின் செம்பு இணைப்புகளுக்கு நல்லதல்ல.

உங்கள் ஆடையில் நூல் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால் அவுரியை விடுங்கள். நீலம்தான் வேண்டுமென்றால், இங்கே துணிக்கடைகளில் கிடைக்கும் ஷ்வேஷ்வே என்ற அச்சிட்ட பருத்தித் துணியை நீலத்தில் வாங்கி அதில் புதிதாகத் தைக்கலாம். கஞ்சி போட்டு விறைப்பாக வரும். ஒருமுறை துவைத்துவிட்டுத் தைக்கவும்.

கடுக்காய், ரூய்போஸ் (இங்கத்திய செந்தேயிலைச் செடி) போன்ற துவர்ப்புள்ள சாயங்களில் இரும்பு பட்டால் கறுக்கும். கலம்காரியில் கறுப்புக் கோடு வருவதே அந்த வேதியியலால்தான். ஆடையில் சாதாரண இரும்புப் பொத்தானோ ஊசியோ இருந்தால் அதைச் சுற்றிக் கறுப்புத் திட்டு விழும். சாயம் துணியில் பிடிக்கப் போடும் படிகாரக் கரைசலும் அமிலத்தன்மை உள்ளது. அதில் மின்பகுதிகளை ஊறவைக்க வேண்டாம். பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது.

மஞ்சளைத்தான் நான் பரிந்துரைப்பேன். பருத்தியில் படிகாரம் இல்லாமலே பிடிக்கும். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பது உண்மை, ஆனால் இரவு மேடைக்கு அது பெரிய குறையல்ல. அப்புறம், மஞ்சளில் உள்ள குர்குமின் புற ஊதா வெளிச்சம் பட்டால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஊதா எல்.ஈ.டி.யை மஞ்சள் துணிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். விளக்கு மட்டுமல்லாமல் துணியே ஒளிவிடுவதுபோல் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. ஆனால் அந்த வெளிச்சமே நாளடைவில் நிறத்தை வெளுக்கவும் செய்யும், அதனால் நடன நேரத்தில் மட்டும் எரியவிடுங்கள். விளக்கை நேராகக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

நூல் தைத்த ஆடையையே சாயத்தில் முக்குவதானால், முழு ஆடையில் இறங்கும் முன் அதே துணியில் ஒரு துண்டு, அதே நூலில் ஒரு தையல் போட்டுச் சாயத்தில் முக்குங்கள். முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் அந்தச் சாயம் உங்கள் நூலுக்கு ஒத்துவராது.

துவைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, காரமில்லாத சோப்பில் கையால் மெதுவாக அலசுங்கள். சலவை சோப்பு பட்டால் மஞ்சள் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசினால் திரும்பிவிடும். அதற்காக எலுமிச்சை பிழிய வேண்டாம், செம்பு இணைப்புகளை அது அரிக்கும்.