வயதான பெற்றோருடன் நெதர்லாந்தில் எளிதாக நடந்து பார்க்க எந்தப் பழைய துறைமுக ஊர் நல்லது?

ஹோர்ன் போங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேர் ரயில் உண்டு. ஊர் முழுக்கச் சமதரை. நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தாலும் அரை மணிக்குள் துறைமுகம் வந்துவிடும். கல் பாவிய தெருக்கள் என்பதால் நல்ல ஷூ மட்டும் அவசியம்.

வழியில் ரோடே ஸ்டேன் சதுக்கம். அங்கே 1609-இல் கட்டிய எடைமாடம், அதாவது சரக்குகளை எடை போட்ட கட்டடம், இருக்கிறது. நடுவில் நிற்பது யான் பீட்டர்சோன் கூன் சிலை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்தவர். 1621-இல் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்த படையெடுப்பை நடத்தியவரும் இவர்தான். அந்த வரலாறு தெரிந்து பாருங்கள். நம் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்ததும் இதே கம்பெனிதான்.

அப்புறம் துறைமுகம். 1532-இல் எழுந்த ஹோஃப்டோரன் காவல் கோபுரம் தண்ணீரை ஒட்டியே நிற்கிறது. இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள், ஊரின் அழகே இந்த இடம்தான். தென் அமெரிக்க முனையான கேப் ஹார்னுக்கு 1616-இல் இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். எதிரே தெரிவது இப்போது நன்னீர் ஏரி. 1932-இல் பெரிய அணை கட்டிக் கடலை அடைத்துவிட்டார்கள். காற்று பலமாக வீசும், பெற்றோருக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.