கேமராவுக்கு முன்னால் ஓத அட்டவணை
வாசகர் கேள்வி – பதில்: பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரை

கேள்வி: செப்டம்பரில் பிரிட்டனி போகிறோம். சேன்-மாலோவில் கோட்டை மதிலை அலை அறைகிற படங்களைப் பார்த்திருக்கிறேன். அதே இடம் வெறும் மணலாகக் கிடக்கிற படங்களும் உண்டு. எப்போது போனால் அலை கிடைக்கும்? (கோவை வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே நாளில் எடுத்தவையாகக்கூட இருக்கலாம். பெரிய ஓத நாளில் அங்கே கடல் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சென்னையில் அது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கு இது பழக்கமில்லாத கணக்கு. சுற்றுலா அலுவலகத்தில் ஓத அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றம், வற்றம் நேரங்களுக்குப் பக்கத்தில் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கோஎஃபிசியான்’ என்கிறார்கள். 70 நடுத்தரம், 100ஐத் தாண்டினால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றரை நாள் வாக்கில் எண் உச்சத்துக்கு வரும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் அந்த உச்சம் இன்னும் கூடும். உங்கள் மாதம் நல்ல மாதம்.

இன்னொரு வசதியும் உண்டு. பெரிய ஓத நாட்களில் சேன்-மாலோவில் ஏற்றம் காலையும் மாலையும் எட்டு மணியை ஒட்டியே வரும். செப்டம்பர் கடைசியில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

ஆனால் எண் மட்டும் போதாது. காற்றில்லாத நாளில் 110 வந்தாலும் கடல் குளம்போல விளிம்புவரை நிரம்பி நிற்கும், அவ்வளவுதான். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ பலமான காற்று சேர்ந்தால்தான் அலை எழும். சியோன் கடற்கரையில் அலையை உடைக்க ஓக் மரத்தண்டுகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தள்ளிப் பக்கவாட்டில் நின்று 70–200 லென்ஸில் அந்த வரிசையை நெருக்கி எடுங்கள். துளிகள் தனித்தனியாக உறைய வேண்டுமானால் ஷட்டர் 1/1000, நீர் இழையாக வழிய வேண்டுமானால் 1/4. கறுத்த மரத்தைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டினால் நுரை வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (–2/3) குறைத்து வையுங்கள். நடைபாதையின் கடலோர விளிம்புக்குப் போகாதீர்கள், அலையோடு கல்லும் வரும். (1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லபூர்தொனே பிறந்தது இந்த ஊரில்தான்.)

கேள்வி: சேன்-மாலோவுக்கு எதிரே இருக்கும் கிராண்ட் பே தீவுக்கு நடந்து போய்ப் படமெடுக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வற்றத்தில் போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கோட்டை நகரம் முழுதாகத் தெரியும் கோணமும் அங்கிருந்துதான். சிக்கல் திரும்பி வருவதில். கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. 12 மீட்டர் ஓதமென்றால் மூன்றாம் மணியில் மட்டும் 3 மீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 5 சென்டிமீட்டர். டிரைபாடை மடக்குவதற்குள் பாதை நனைந்துவிடும். வற்ற நேரம் தாண்டியதுமே தீவிலிருந்து திரும்பப் புறப்படுங்கள். மாட்டிக்கொண்டால் நீந்த வேண்டாம். தீவிலேயே மேட்டில் இருந்துவிட்டு, கடல் இறங்கிப் பாதை தெரிந்த பிறகு வாருங்கள்.

கேள்வி: ப்ளூமனாக்கின் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் என் படத்தில் சாம்பலாகவே விழுகின்றன. ஏன்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பெரும்பாலும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்கிற வேலை. படம் நிறைய ஒரே சிவப்புச் சாயல் இருந்தால் கேமரா அதைக் கோளாறு என்று எண்ணிச் சரிக்கட்டப் பார்க்கும். 5500 கெல்வினில் நிறுத்துங்கள், ரா ஃபைலில் எடுங்கள். நனைந்த பாறையின் மினுமினுப்பை போலரைசர் குறைத்தால் கல்லின் நிறம் மேலே வரும். நடுப்பகலில் எதுவும் உதவாது, சூரியன் சாயும் நேரத்துக்குக் காத்திருங்கள். ஜூன் கடைசியில் பிரிட்டனியின் மேற்குக் கோடியான பிரெஸ்டில் சூரியன் மறைய இரவு 10.20 ஆகிவிடும்; அந்த மாதத்தில் போகிறவர்கள் சாப்பாட்டை முதலில் முடித்துக்கொள்வது நல்லது, சமையலறைகள் அதுவரை காத்திருக்காது.

அங்குள்ள மேன் ரூஸ் கலங்கரை விளக்கமும் அதே கல்லில் கட்டியது. பிரெட்டன் மொழியில் அந்தப் பெயருக்குச் ‘செங்கல்’ என்று பொருள். நம் செங்கல் அல்ல, சிவந்த கல்.

கேள்வி: சந்தையில் மனிதர்களை எடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் ‘போன்ஷூர்’, அப்புறம்தான் கேமரா. அங்கே அடையாளம் தெரிகிற ஒருவரின் படத்தைச் சம்மதமில்லாமல் வெளியிட்டால் வழக்கு வரலாம். முகம் கிடைக்காவிட்டால் கைகளை எடுங்கள். ரென் நகரில் சனிக்கிழமை காலை லீஸ் சந்தையில் ‘கலெட்’ என்னும் தோசைபோன்ற பண்டம் சுடும் இடத்தைத் தேடிப் போங்கள். ‘பிலிக்’ என்னும் வட்டக்கல்லில் கோதுமை அல்ல, பக்வீட் மாவு. அதை ‘ரோசெல்’ என்ற மரக்கோலால், நாம் தோசைக்கல்லில் கரண்டியைச் சுழற்றுவதுபோல இழுப்பார்கள். 1/30இல் கோல் கலங்கும், கல் அசையாமல் நிற்கும். ஆவி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் எதிரிலிருந்து வரும்படி நில்லுங்கள். மேலே சிவப்புக் கூடாரத் துணி இருந்தால் மாவும் சிவக்கும். அந்தக் கடையை விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கடற்காற்றில் லென்ஸை எப்படித் துடைப்பது? (சேலம் வாசகர்)

பதில்: உப்பு காயும் முன், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால். காய்ந்த பிறகு தேய்த்தால் உப்புப் படிகம் கண்ணாடிப் பூச்சைக் கீறும். அன்றிரவே டிரைபாட் கால்களின் பூட்டுகளைத் திறந்து குழாயில் அலசிவிடுங்கள்.